காட்டில் உங்கள் சோற்றுப் பொட்டலத்தை மோப்பம் பிடிப்பது யார்?

புக்கிட் பெருவாங் என்றால் தமிழில் கரடிக் குன்று. மலாய் வகுப்பில் குறும்புக்கார மாணவர்கள் அதே சொல்லை 'பெர் - உவாங்' என்று பிரித்து, பணக்காரக் குன்று என்றும் சொல்வதுண்டு. இன்று அங்கே கரடியும் இல்லை, பணம் காய்க்கும் மரமும் இல்லை. குன்றைச் சுற்றி வீடமைப்புப் பகுதிகள், கடைகள், ஒரு பல்கலைக்கழகம். காலையில் உடற்பயிற்சிக்காகக் குன்றேறுபவர்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டு மரத்தில் உட்கார்ந்திருக்கும் நீண்டவால் குரங்குகள்.

சென்ற பள்ளி விடுமுறையில் ஒருநாள் காலை, குன்றின் அடிவாரத்தில் ஒரு சிறிய திருட்டைப் பார்த்தேன். மூன்று மாணவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். கைப்பிடியில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பை தொங்கியது. பக்கத்திலேயே தலைக்கவசம், தண்ணீர்ப் போத்தல், ஒரு குடை. கீழே இறங்கி வந்த குரங்கு மற்ற எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக அந்தப் பையைக் கிழித்து, நாசி லெமாக் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கூரை மேல் ஏறிவிட்டது. பத்து வினாடிகூட ஆகியிருக்காது. பையன்கள் கோபப்படவில்லை, சிரித்தார்கள். அவர்களில் ஒருவன் தன்னிடம் மீதியிருந்த பிஸ்கட்டையும் அதை நோக்கி வீசினான்.

நாசி லெமாக் போனதில் பெரிய நட்டமில்லை. அந்த பிஸ்கட்டை வீசியதுதான் வம்பு. ஏன் என்று பார்ப்போம்.

ஒரே ஒரு பிஸ்கட்

குரங்கு பையைக் கண்டுபிடித்தது மூக்கால் அல்ல, கண்ணால். நம்மைப் போலவே இந்தக் குரங்குகளுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று வகை ஒளியை உணரும் கூம்புச் செல்கள் கண்ணில் உண்டு. பச்சை இலைகளுக்கு நடுவே பழுத்த பழத்தைத் தேட உதவும் கண் அது. பிளாஸ்டிக் பை அதற்கு இன்னொரு பழம். 'சரசர' என்ற பையின் ஓசையும் அதற்குப் பாடமாகிவிட்டது. எடுத்ததை அங்கேயே உட்கார்ந்து தின்ன வேண்டிய அவசியமும் இல்லை. கன்னத்தின் உட்புறத்தில் இரண்டு பைகள் இருக்கின்றன. அவசரமாக அதில் அடைத்துக்கொண்டு, பாதுகாப்பான கிளையில் உட்கார்ந்து நிதானமாக மெல்லும்.

பாலித் தீவின் உலுவாத்து கோயிலில் இதே இனக் குரங்குகள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன. அங்கே அவை சுற்றுப்பயணிகளின் கண்ணாடி, தொப்பி, கைப்பேசி ஆகியவற்றைப் பறிக்கும். கோயில் பணியாளர் உணவு கொடுத்தால்தான் திருப்பித் தரும். 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வளர்ந்த குரங்குகள் எந்தப் பொருளுக்கு மனிதர் அதிக விலை கொடுப்பார் என்று தெரிந்தே திருடுகின்றன என்று காட்டியது. நான்கு வயது வரையிலான குட்டிகளுக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை. அப்படியானால் இது பிறவிக் குணம் அல்ல. பார்த்தும் பழகியும் கற்றுக்கொண்டது.

இந்தக் கற்றல் எப்படி நடக்கிறது? அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1950களில் புறாக்களை வைத்து இதை ஆராய்ந்தார். பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும் பெட்டி. ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் பெற்றுப் பழகிய புறா, தானியம் நின்றவுடன் கொஞ்ச நேரத்தில் கொத்துவதை விட்டுவிட்டது. ஆனால் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாதபடி, சில சமயம் மட்டும் தானியம் பெற்ற புறா எளிதில் ஓயவில்லை. தானியமே வராதபோதும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருந்தது. லாட்டரிக் கடை வாசலில் சிலர் ஆண்டுக்கணக்கில் நிற்பதற்கும் இதுவே காரணம்.

இப்போது குன்றுக்குத் திரும்புவோம். நூறு பேர் நடக்கிறார்கள். தொண்ணூற்றொன்பது பேர் எதுவும் கொடுப்பதில்லை. ஒருவர் ஒரு பிஸ்கட் போடுகிறார். தொண்ணூற்றொன்பது பேரின் ஒழுங்கு அந்தக் குரங்கின் பழக்கத்தை அழிக்காது. அந்த ஒருவரின் பிஸ்கட் அதை உயிரோடு வைத்திருக்கும். 'ஒரு தடவைதானே' என்று நினைத்துக் கொடுப்பதுதான் விலங்கை மிக உறுதியாகப் பழக்கும் முறை என்பது கொஞ்சம் விசித்திரமான உண்மை. பத்துமலையின் 272 படிகளில் ஏறும்போது உங்கள் கையிலுள்ள பழத்தட்டை யார் பறித்தது என்று நினைத்துப் பாருங்கள்.

இதில் கடைசியில் தோற்பது குரங்குதான். கடி வாங்கியவர் புகார் செய்வார். புகார் சேர்ந்தால் பெர்ஹிலித்தான் அதிகாரிகள் கூண்டு கொண்டு வருவார்கள். மலேசியாவில் இப்படிக் கொல்லப்பட்ட நீண்டவால் குரங்குகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் பல்லாயிரத்தைத் தொட்டிருக்கிறது. எங்கும் காணப்படுகிறதே என்று நாம் நினைக்கும் இந்த இனத்தை, அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2022இல் அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. சிங்கப்பூரில் 2020 முதல் வனவிலங்குகளுக்குத் தீனி போடுவதே குற்றம். முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரை அபராதம்.

அரிக்கொம்பனின் கதை

நாசி லெமாக் திருடும் குரங்கு நாலைந்து கிலோ எடை. அதே பாடத்தை நாலைந்து டன் எடையுள்ள விலங்கு கற்றுக்கொண்டால்?

கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்கு அருகே சின்னக்கானல் என்று ஓர் ஊர். தேயிலைத் தோட்டங்களும் லயன் வீடுகளும் தமிழ்த் தொழிலாளர்களும் நிறைந்த மலைப்பகுதி. நம் தாத்தா பாட்டி வாழ்ந்த ரப்பர் தோட்டத்தை நினைத்துக்கொண்டால் போதும். அங்கே சுற்றிய ஒரு கொம்பன் யானைக்கு அரிசி பிடித்துப்போயிற்று. ரேஷன் கடைச் சுவரை இடித்து மூட்டையை இழுத்தது. வீடுகளை உடைத்து அரிசி தேடியது. மலையாளத்தில் 'அரி' என்றால் அரிசி. அதற்கு அரிக்கொம்பன் என்றே பெயர் விழுந்தது.

யானைக்குச் சுவருக்குப் பின்னாலுள்ள அரிசி எப்படித் தெரிந்தது? மூக்கில் மணத்தை உணரும் புரதங்களை உருவாக்குபவை மோப்ப மரபணுக்கள். மனிதருக்குச் சுமார் 400. நாய்க்குச் சுமார் 800. 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது ஆப்பிரிக்க யானைக்குச் சுமார் 2,000 இருந்தன. அதுவரை ஆராயப்பட்ட எந்த விலங்குக்கும் அவ்வளவு இல்லை. பலகைச் சுவர் நம் கண்ணை மறைக்கும். யானையின் தும்பிக்கைக்கு அது வெறும் திரைச்சீலை.

2023 ஏப்ரல் இறுதியில் வனத்துறையினர் மயக்க ஊசி போட்டு அரிக்கொம்பனைப் பிடித்து, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். பழக்கம் இடம் மாறினால் போய்விடுமா? ஒரு மாதத்திற்குள் மலையைத் தாண்டித் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் கம்பம் நகரத் தெருக்களில் நடந்தது. அந்தக் குழப்பத்தில் ஒருவர் உயிரிழந்தார். ஜூன் மாதம் தமிழக வனத்துறை அதை மீண்டும் பிடித்து, தெற்கே களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. அந்த யானை மேல் மட்டும் குற்றம் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. காட்டின் நடுவே அரிசியை அடுக்கி வைத்தது யார்?

டுரியானும் பிளாஸ்டிக்கும்

இனி முதுகுப்பை தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போவோம். மலாக்கா மாணவர்களுக்கு அருகிலுள்ள பெரிய மலை குனோங் லேடாங், 1,276 மீட்டர். ஜொகூர் எல்லைக்குள் இருந்தாலும் நம் ஆசஹான் பக்கமிருந்து பார்த்தால் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி நிற்கும். இன்னும் துணிந்தவர்கள் தாமான் நெகாராவுக்குள் நுழைந்து, 2,187 மீட்டர் உயரமுள்ள குனோங் தஹானுக்குப் பல நாள் நடப்பார்கள். சாரணர் இயக்கத்திலோ மலையேறும் கழகத்திலோ இருப்பவர்கள் ஒருநாள் கூடாரத்தில் படுக்கத்தான் போகிறீர்கள். அங்கே ஆட்டம் மாறுகிறது. குரங்கு இரவில் தூங்கும். இரவில் வருபவை கண்ணை நம்பி வருவதில்லை.

பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டினால் வாசனை வெளியே போகாது என்று பலர் நினைக்கிறார்கள். காரின் பின்பெட்டியில் டுரியானை மூன்று பிளாஸ்டிக் பைகளில் கட்டிக்கொண்டு வந்த அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். வாசனை என்பது காற்றில் மிதக்கும் மூலக்கூறுகள். டுரியானின் கந்தகம் கலந்த சேர்மங்கள் மிகச் சிறியவை. மெல்லிய பாலித்தீன் நமக்கு ஓட்டையில்லாத தாளாகத் தோன்றினாலும், நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் பின்னிக் கிடக்கும் ஒரு வலைதான் அது. அந்த இடைவெளிகளில் மணமூலக்கூறுகள் கரைந்து, ஊர்ந்து, மறுபுறம் வெளிவந்துவிடும். இதைத்தான் ஊடுபரவல் என்று படிக்கிறோம். தடித்த பிளாஸ்டிக் டப்பாவும் தகர டின்னும் இந்தப் பயணத்தைப் பெரிதும் குறைக்கும். ஆனால் டின்னின் வெளிப்புறத்தில் சம்பால் பட்ட கையை வைத்தால் கதை முடிந்தது.

வெளியே வந்த மணம் எந்தப் பக்கம் போகும்? பகலில் வெயில் பட்ட மலைச்சரிவு சூடாகி, அதையொட்டிய காற்று மேலே ஏறும். இரவில் சரிவு குளிரும். குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்தது. தண்ணீரைப் போலச் சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அடர்ந்த காட்டுக்குள் எப்போதும் இவ்வளவு ஒழுங்காக நடக்காது என்றாலும், சமையலிடம் கூடாரத்திற்கு மேலே சரிவில் இருந்தால், இரவில் கருவாட்டு மணம் உங்கள் கூடாரத்திற்குள் இறங்கி வர வாய்ப்பு அதிகம். முகாமிட்ட இடத்தில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பாருங்கள். புகை போகும் திசைதான் மணம் போகும் திசை. சமையலும் உணவு மூட்டையும் அந்தப் பக்கத்தில், கூடாரத்திலிருந்து அறுபது எழுபது அடி எடுத்து வைக்கும் தூரத்திலாவது இருக்கட்டும். நம் நாட்டில் பெலாச்சானும் நெத்திலியும் இல்லாமல் சமைப்பது கடினம்தான். காட்டுப் பயணத்துக்கு மட்டுமாவது அவற்றை வீட்டிலேயே வறுத்து, டப்பாவில் அடைத்துக் கொண்டுபோவது நல்லது.

யார் வருவார்கள்? பெரும்பாலும் எலி. கரடி, யானை என்று பயந்து தூங்காமலிருப்பவர்களின் மூட்டையைக் கடித்துவிட்டுப் போவது கையளவு எலிதான். அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். அது தின்ற சோற்றைவிட விட்டுப்போன சிறுநீர் ஆபத்தானது. எலிச் சிறுநீர் நோய் என்று நாம் கேள்விப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி காலிலுள்ள சிறு கீறல் வழியாகவும் உடலில் நுழையும். எலி கடித்த பொட்டலத்தின் மறுபாதியைச் 'சுத்தமாகத்தானே இருக்கிறது' என்று தின்னாதீர்கள்.

அடுத்து மரநாய், காட்டுப்பன்றி, எறும்பு. அரிதாக, நம் காட்டின் உண்மையான கரடி. மலாய்க் கரடி என்றும் சூரியக் கரடி என்றும் சொல்லப்படும் இது உலகக் கரடிகளிலேயே மிகச் சிறியது. பெரிய ஆண் கரடிகூட 65 கிலோவைத் தாண்டுவது அரிது. 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள நாக்கால் தேனையும் கரையானையும் வழித்துத் தின்னும். கூச்ச சுபாவம் உள்ளது, மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகவே பார்க்கும். ஆனால் மரத்தைப் பிளந்து தேன் எடுக்கும் நகமும் தாடையும் கொண்ட விலங்குக்குக் கூடாரத் துணி எம்மாத்திரம்? மரமேறுவதிலும் அது கெட்டிக்காரக் கரடி. அதனால் தேன், ஜாம், பழம் எதையும் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. பற்பசையும் வாசனைச் சோப்பும்கூட இந்தக் கணக்கில் உணவுதான்.

பாட்டி வீட்டு உறி

மேல்நாட்டு மலையேற்ற நூல்களில் உணவு மூட்டையைக் கயிற்றில் கட்டி மரத்தில் தொங்கவிடும் முறையைப் பெரிய கண்டுபிடிப்புபோல் விளக்குவார்கள். நமக்கு அது புதிதல்ல. பால், தயிர்ப் பானைகளைக் கூரையிலிருந்து கயிற்று வளையத்தில் தொங்கவிட்டு, அதற்கு உறி என்று பெயரும் வைத்தவர்கள் நாம். கண்ணன் வெண்ணெய் திருடியது உறியிலிருந்துதான். உறியடி விளையாட்டும் அதிலிருந்து வந்தது. தோட்டத்து வீடுகளில் சாப்பாட்டு அலமாரியின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி எறும்பைத் தடுத்ததும் இதே அறிவியல். எதிரி வரும் வழியை ஒன்றாகக் குறுக்கு, பிறகு அந்த ஒன்றை அடை.

காட்டில் உறி கட்ட, இரண்டு மரங்களுக்கு நடுவே துணி காயப்போடுவதுபோல் கயிறு கட்டி, நடுவில் மூட்டையைத் தொங்கவிடலாம். தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரம், மரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி. எலி கயிற்றில் நடந்து வருமே? துறைமுகத்தில் கப்பலைக் கட்டிய கயிறுகளில் வட்டத் தட்டுகள் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எலி கப்பலுக்குள் ஏறாமலிருக்கத்தான் அது. நீங்கள் காலி 1.5 லிட்டர் போத்தலின் அடியில் ஓட்டை போட்டு, கயிறு அதன் நடுவே போகும்படி மூட்டையின் இரு பக்கமும் ஒவ்வொன்று கோத்துவிடுங்கள். போத்தலின் மேல் எலி கால் வைத்தால், அதன் எடை அச்சிலிருந்து சற்று விலகியவுடன் போத்தல் உருளும். எலி கீழே விழும்.

இங்கே ஐந்தாம் படிவ இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு கணக்கு. மூட்டை 5 கிலோ, அதாவது 49 நியூட்டன். கயிறு இருபுறமும் கிடைமட்டத்திலிருந்து 30 பாகை தொய்ந்தால், ஒவ்வொரு பக்கத்திலும் இழுவிசை சரியாக 49 நியூட்டன். அழகாக இருக்கட்டும் என்று கயிற்றை விறைப்பாக இழுத்து, தொய்வை 5 பாகையாக்கினால் இழுவிசை சுமார் 281 நியூட்டன். மூட்டை அதேதான், கயிறு தாங்க வேண்டியதோ ஏறக்குறைய ஆறு மடங்கு. மெல்லிய கயிறு நள்ளிரவில் அறுந்து விழுவது எலியால் மட்டும் அல்ல.

உறி ஏமாற்ற முடியாதவர்களும் இருக்கிறார்கள். பகலில் குரங்குக்கு அது ஊஞ்சல். ஆகவே பகலில் யாராவது ஒருவர் முகாமில் இருக்க வேண்டும், அல்லது உணவு கெட்டியான டப்பாவில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் கரடிகள் உறியைக் கற்றுத் தேர்ந்து, பிறகு கார்க் கதவுகளை மடக்கத் தொடங்கின. 1998இல் மட்டும் 1,500க்கும் மேற்பட்ட சம்பவங்கள். அதன் பிறகு முகாம்களில் இரும்புப் பெட்டிகள் வைத்து, மலையேறுபவர்கள் உருளை வடிவ டப்பாவில்தான் உணவு கொண்டுபோக வேண்டும் என்று கட்டாயமாக்கியதும் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அந்த டப்பாவின் இரகசியம் அதன் வடிவம். கரடியின் வாய்க்குள் அடங்காத பருமன், பல் பதிய மூலையோ விளிம்போ இல்லாத வழவழப்பு. கடிக்கப் போனால் உருண்டு ஓடும்.

அதையும் திறந்த ஒரு கரடி உண்டு. நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலையில், காதுகளில் இரண்டு மஞ்சள் அடையாள வில்லைகள் மாட்டப்பட்டிருந்த ஒரு பெண் கருங்கரடி. யெல்லோ - யெல்லோ என்பது அதன் பெயர். உடல் சிறியதுதான். ஒருவகை டப்பாவின் மூடியிலிருந்த தாழ்ப்பாளைப் பல்லால் அழுத்தித் திருகலாம் என்று அது தானே கண்டுபிடித்தது. தயாரிப்பாளர்கள் இரண்டு தாழ்ப்பாள் வைத்தார்கள். இரண்டையும் திறந்தது. 2012இல் ஒரு வேட்டைக்காரரின் குண்டுக்கு அது பலியானது. மலையேறுபவர்கள் அதை இன்னும் கொஞ்சம் மரியாதையோடுதான் பேசுகிறார்கள்.

கைகலப்பு வேண்டாம்

குரங்கு எதிரே வந்துவிட்டால்? கையில் பிளாஸ்டிக் பை இருக்கவே கூடாது என்பது முதல் பாடம். எல்லாம் முதுகுப்பைக்குள். அதன் கண்ணை உற்றுப் பார்ப்பது அதன் மொழியில் சண்டைக்கு அழைப்பது. பல் தெரியச் சிரித்தாலும் அது நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளாது. ஓடாமல், முதுகைக் காட்டாமல், மெதுவாகப் பின்வாங்குங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும். இன்னொரு செய்தி. மலேசியாவில் 2018 முதல் மனித மலேரியா உள்நாட்டுத் தொற்றாகப் பதிவாகவில்லை. ஆனால் குரங்குகளின் உடலில் வாழும் 'பிளாஸ்மோடியம் நோலெசி' என்ற மலேரியா ஒட்டுண்ணி, கொசு வழியாக இன்றும் மனிதருக்கு வருகிறது. குரங்குக் கூட்டம் முகாமைச் சுற்றிக்கொண்டே இருந்தால் அதற்கும் வழி பிறக்கும். காட்டுக்குப் போய்வந்து இரண்டு வாரத்தில் காய்ச்சல் கண்டால் 'காட்டுக்குப் போனேன்' என்று மருத்துவரிடம் சொல்லத் தவறாதீர்கள்.

இரவில் உணவை வெளியே எடுத்த பிறகு, காலியான முதுகுப்பையின் ஜிப்புகளைத் திறந்தே விட்டுவிடுங்கள். மூடியிருந்தால், பழைய மணத்தைத் தேடிவரும் எலி துளை போட்டுத்தான் உள்ளே பார்க்கும். திறந்திருந்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். இந்தச் சின்ன உபாயம் தெரியாமல் ஒரு நல்ல பையை நான் இழந்திருக்கிறேன்.

குனோங் தஹான் ஏறுபவர்கள் புறப்படும் முன் தங்கள் பொருள்களை வனக்காவலர் முன்னால் பரப்பி, பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை மெகி பாக்கெட், எத்தனை மைலோ உறை, எத்தனை பேட்டரி. திரும்பி வரும்போது உறைகளை எண்ணிக் காட்ட வேண்டும். களைத்துப்போய், சேறு பூசிய உடலோடு நின்று பிஸ்கட் உறைகளை ஒவ்வொன்றாக எண்ணுவது எரிச்சலாக இருக்கும் என்று போய்வந்தவர்கள் சொல்வார்கள். ஒன்று குறைந்தால் பையைக் கவிழ்த்துத் தேடுவார்கள். பெரும்பாலும் அது யாராவது ஒருவரின் காற்சட்டைப் பைக்குள், நான்கு நாள் பழைய பிஸ்கட் தூளோடு, கசங்கிக் கிடக்கும்.